ஷாட்டர்டு பிக்சல் டஞ்சன்: 26 தளம் இறங்குவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்டதிலிருந்து 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்படும்வரை, ராமேஸ்வரம் தீவுக்குப் போகிறவர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டியிருந்தது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மண்டபத்தில் அப்படிக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். ஷாட்டர்டு பிக்சல் டஞ்சன் என்ற கைபேசி ஆட்டத்தை நான் கற்றுக்கொண்டது அந்தக் காத்திருப்பில்தான். கற்றுக்கொள்ள ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை செத்தேன் என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தால் விட்டிருப்பேன்.

நம் கடற்கரைக்கு இந்த ஆட்டம் பொருந்துவதற்குச் சில காரணங்கள் உண்டு. இதற்கு இணையம் தேவையில்லை. தனுஷ்கோடிப் பக்கம் போனால் கைபேசி இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு வரவேற்புச் செய்தி அனுப்புகிற ஊரில், கடலுக்குள் கொஞ்ச தூரம் போனாலே சிக்னல் அறுந்துவிடுகிற ஊரில், இது பெரிய விஷயம். ஆண்ட்ராய்டில் இலவசமாகக் கிடைக்கிறது, நடுவில் விளம்பரமும் வராது. ஒரு கையால் ஆடலாம். பேருந்து வந்துவிட்டால் கைபேசியை அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம், ஏனென்றால் நீங்கள் நகராதவரை ஆட்டத்துக்குள் எதுவும் நகராது.

ஆட்டத்தின் வம்சம்

1980ஆம் ஆண்டு வாக்கில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற இரு மாணவர்கள் யுனிக்ஸ் கணினிக்காக ரோக் என்ற ஆட்டத்தை எழுதினார்கள். பிறகு கென் அர்னால்டும் சேர்ந்துகொண்டார். எழுத்துகளாலும் குறிகளாலும் வரையப்பட்ட நிலவறை ஒன்றில் 26ஆம் தளம்வரை இறங்கி, எண்டோரின் தாயத்தை எடுத்துக்கொண்டு மேலே வருவதுதான் அந்த ஆட்டம். ஒவ்வொரு முறையும் நிலவறை புதிதாக அமையும். செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் பின்பற்றி வந்த ஆட்டங்களுக்கே ரோக்லைக் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1987இல் வந்த நெட்ஹேக் அவற்றில் பெயர்பெற்றது.

2012இல் ஓலெக் டோல்யா என்பவர், வடாபூ என்ற புனைபெயரில், இதே மரபைத் தொடுதிரைக்கு ஏற்பச் சுருக்கிப் பிக்சல் டஞ்சன் என்று வெளியிட்டார். பின்னர் அதன் மூலநிரலையும் எவரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார். அதை எடுத்து எவன் டெபன்ஹாம் 2014இல் வெளியிட்ட கிளைதான் ஷாட்டர்டு. கிளை இப்போது மரத்தைவிடப் பெரிதாகிவிட்டது. தாயத்தும் 26 தளமும் ரோக்கிலிருந்து அப்படியே வந்திருக்கின்றன.

தொடங்கும்போது

முதலில் வாரியர் என்ற வீரர் மட்டுமே திறந்திருப்பார். மேஜ், ரோக், ஹண்ட்ரஸ், 2023இல் சேர்க்கப்பட்ட டூயலிஸ்ட், 2025இல் சேர்க்கப்பட்ட கிளெரிக் ஆகியோர் ஆட ஆடத் திறப்பார்கள். மற்றவர்களைத் திறக்க அவசரப்பட வேண்டாம். முதல் 20 ஆட்டங்களை வாரியரோடு ஆடுவது நல்லது. அவர் கவசத்தில் ஒட்டியிருக்கும் உடைந்த முத்திரை ஒரு சிறு கேடயம்போல அடியைத் தாங்கும். அதைக் கழற்றி வேறு கவசத்தில் ஒட்டலாம், ஒட்டும்போது ஓர் அப்கிரேடும் (பொருளை ஒரு படி வலுவாக்கும் மேம்பாடு) அதோடு கூடவே போகும். தொடக்கத்தில் எந்தக் கவசத்தை நம்புவது என்று தெரியாமல் தடுமாறுகிறவருக்கு இது பெரிய சலுகை.

வீரர் 20 உயிர்ப்புள்ளிகளோடும் 10 பலத்தோடும் தொடங்குவார். ஒவ்வொரு நிலை ஏறும்போதும் 5 உயிர்ப்புள்ளி கூடும், ஒரு திறமைப் புள்ளியும் கிடைக்கும். திறமைப் புள்ளிகளை எதில் போடுவது என்று பலர் நீண்ட நேரம் யோசிக்கிறார்கள். வாரியருக்கு, உயிர் குறைந்திருக்கும்போது சாப்பிட்டால் கூடுதலாகக் குணமாகும் திறமையை முதலில் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவை வேறு விஷயங்கள்.

பசியும் நேரமும்

இந்த ஆட்டத்தில் நேரம் முறைகளால் அளக்கப்படுகிறது. ஓர் அடி வைத்தால் ஒரு முறை, ஒரு வெட்டு வெட்டினால் ஒரு முறை. வயிறு நிறைந்த நிலையிலிருந்து 300 முறையில் பசி தொடங்கும், 450 முறையில் பட்டினி தொடங்கி உயிர் குறைய ஆரம்பிக்கும். ஒரு பொட்டலச் சாப்பாடு 300 முறைக்குத் தாங்கும். சும்மா நின்றால் சுமார் 10 முறைக்கு ஓர் உயிர்ப்புள்ளி ஊறும். பட்டினியில் அதுவும் ஊறாது.

இந்த எண்களைச் சேர்த்துப் பார்த்தால் ஆட்டத்தின் கணக்கு புரிந்துவிடும்: ஒரு பொட்டலச் சாப்பாட்டின் விலை ஏறக்குறைய 30 உயிர்ப்புள்ளி. எதிரியிடம் தேவையில்லாமல் வாங்கும் ஒவ்வோர் அடியையும் நீங்கள் சாப்பாட்டால் ஈடுகட்டுகிறீர்கள். சாப்பாடோ எத்தனை தளம் இறங்கியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் கிடைக்கும், எவ்வளவு நேரம் சுற்றினீர்கள் என்பதைப் பொறுத்து அல்ல. ஆகவே ஒரு தளத்தை முழுமையாகத் துழாவி முடித்தபின் அங்கேயே உட்கார்ந்து உயிரை ஏற்றிக்கொள்வது முதல் ஐந்து தளங்களில் பரவாயில்லை, உயிர் 80, 100 என்று பெருகியபின் கட்டுப்படியாகாது.

உயரப் புல்லை மிதித்தால் பனித்துளிகளும் விதைகளும் உதிரும். பனித்துளியைத் தோல்பையில் சேர்க்கலாம். 20 துளி சேர்ந்தால் பை நிறையும். நிறைந்த பையைக் குடித்தால் உயிர் முழுமையாக ஏறும். எனவே புல் கண்ட இடமெல்லாம் மிதியுங்கள், ஆனால் எதிரி ஒருவர்கூட விழித்திராத நேரத்தில் மிதியுங்கள். பையை ஐந்தாம் தளத்துப் பாஸுக்கு (ஐந்து தளத்துக்கு ஒருமுறை வழிமறிக்கும் பெரிய எதிரிக்கு) முன் நிறைத்துவைத்திருப்பதும் நிறைக்காமல் போவதும் இரண்டு வேறு ஆட்டங்கள்.

எங்கே நிற்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படிக்கட்டும்.

எதிரியின் கண்ணில் படாமல் வெட்டும் வெட்டு ஒருபோதும் தவறாது. தூங்கும் எதிரியை வெட்டினாலும் சரி, உங்களைப் பார்த்திராத எதிரியை வெட்டினாலும் சரி, இது பொருந்தும். துரத்தி வருகிற எதிரியைக்கூட ஒரு கணம் உங்களைப் பார்க்காமல் செய்ய ஒரு கருவி எல்லாத் தளத்திலும் இருக்கிறது, அதுதான் கதவு. மூடிய கதவு பார்வையை மறைக்கும். எதிரி துரத்தும்போது கதவைத் தாண்டி உள்ளே வந்து, கதவுக்கு நேராக நிற்காமல், கதவுக்குக் குறுக்காக ஒரு கட்டம் தள்ளிச் சுவரோரமாக நில்லுங்கள். எதிரி கதவில் கால் வைக்கும்போது உங்களைக் கண்டிருக்க மாட்டார். அப்போது வெட்டினால் அது தப்பாத வெட்டு. பிறகு அறையைச் சுற்றி வந்து மறுபடி கதவைத் தாண்டி, மறுபடி அதே இடம்.

முதல் ஐந்து தளங்கள் சாக்கடை. அங்கே வரும் பாம்புக்கு 4 உயிர்ப்புள்ளிதான், ஆனால் சாதாரண வெட்டுகளை அது சளைக்காமல் தவிர்க்கும். புதியவர்கள் நடு அறையில் நின்று அதோடு மல்லாடி 10 உயிரை இழப்பார்கள். கதவோரம் நின்றால் ஒரே வெட்டு போதும். ஆட்டத்தை வடிவமைத்தவர் கதவின் பயனைச் சொல்லித்தரவே அந்தப் பாம்பை அங்கே விட்டிருக்கிறார் என்பது என் எண்ணம்.

அதே தளங்களில் நண்டு வரும். என் அக்கா மகன் விசைப்படகில் போகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டிலிருந்தபோது நான்தான் இந்த ஆட்டத்தை அவன் கைபேசியில் ஏற்றிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வந்து, “மாமா, நண்டுகிட்ட செத்துட்டேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றான். உயிர் குறைந்ததும் ஓடியிருக்கிறான். நண்டு உங்களைவிட இருமடங்கு வேகத்தில் நகரும், அதனிடமிருந்து ஓடுவது என்பது அதற்கு முதுகைக் காட்டி இலவசமாக அடி வாங்குவது. நண்டைக் கண்டால் நின்று அடிக்க வேண்டும், இல்லையேல் அது காணுமுன்பே கதவோரம் போய்விட வேண்டும்.

இரண்டு முதல் நான்கு வரையான தளங்களில் ஏதோ ஒன்றில் ஒரு சோகமான ஆவி நின்று உதவி கேட்கும். மறுக்காதீர்கள், பரிசாக ஓர் ஆயுதமோ கவசமோ தேர்ந்தெடுக்கலாம். நான்காம் தளத்தில் ஆவி காட்டும் எதிரி பெரிய நண்டு. தான் பார்க்கிற எந்த அடியையும் அது கொடுக்கால் தடுத்துவிடும். கதவோர வெட்டு தெரிந்தவருக்கு அது எளிய எதிரி, தெரியாதவருக்கு முடிவற்ற சண்டை.

பல எதிரிகள் ஒரே நேரத்தில் வந்தால் இன்னொரு விதி: ஒரு கட்ட அகலமுள்ள நடைபாதைக்குள் பின்வாங்குங்கள். திறந்த அறையில் எட்டுத் திசையிலிருந்தும் அடி விழும், நடைபாதையில் ஒருவர்தான் உங்களைத் தொட முடியும். எறிபவர்கள், மந்திரம் ஏவுபவர்கள் இருந்தால் இது நேர்மாறாகிவிடும். அப்போது மூலை திரும்பி நின்று அவர்களை அருகில் வரவழைக்க வேண்டும். படிக்கட்டையும் மறக்க வேண்டாம். ஒட்டி நிற்கிற எதிரி மட்டுமே படிக்கட்டில் உங்களைத் தொடர்ந்து வருவார் என்பதால், கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிரித்தெடுக்க அதைவிட நல்ல வழி இல்லை.

அடையாளம் தெரியாத பொருள்கள்

போஷன் (குடிக்கும் மருந்துக்குப்பி) 12 வகை, ஸ்க்ரோல் (படித்தால் மந்திரம் நிகழும் சுருள்) 12 வகை. ஒவ்வோர் ஆட்டத்திலும் போஷனின் நிறமும் ஸ்க்ரோலின் குறியும் மாற்றி அமைக்கப்படும். நேற்று நீலம் குணமாக்கியது என்பதற்காக இன்று நீலத்தைக் குடித்தால் தீப்பிடித்துச் சாக நேரிடலாம். இதை அதிர்ஷ்டம் என்று நினைப்பவர்கள் கடைசிவரை அதிர்ஷ்டத்தையே குறைசொல்லிக்கொண்டிருப்பார்கள். இதில் ஊகித்தறியப் பெரிய இடம் இருக்கிறது.

முதலில் ஸ்க்ரோல். தெரியாத பொருளை அடையாளம் காட்டும் ஐடென்டிஃபை எல்லா வீரர்களுக்கும் தொடக்கத்திலேயே தெரிந்திருக்கும். ஒவ்வோர் ஐந்து தளத் தொகுதியிலும் 3 அப்கிரேடு ஸ்க்ரோல் உறுதியாக வைக்கப்பட்டிருக்கும். ஆகவே மூன்றாம் தளத்துக்குள் தெரியாத ஒரே குறியில் இரண்டு ஸ்க்ரோல் கிடைத்திருந்தால் அது பெரும்பாலும் அப்கிரேடுதான், தாராளமாகப் படிக்கலாம். மேஜ் வீரருக்கு அப்கிரேடு முன்பே தெரியும் என்பதால் அவருக்கு இந்தக் கவலையே இல்லை. தனித்தனியாகக் கிடைத்த ஸ்க்ரோலை எதிரி யாரும் அருகில் இல்லாதபோது படியுங்கள். ரேஜ் என்ற ஸ்க்ரோல் தளத்திலுள்ள எல்லா எதிரிகளையும் எழுப்பி உங்கள் பக்கம் திருப்பிவிடும், ஆனால் வாரியருக்கு அது தொடக்கத்திலேயே தெரிந்திருக்கும்.

அடுத்தது போஷன். வாரியருக்குக் குணமாக்கும் போஷன் தெரியும், அந்த நிறத்தைக் கண்டால் தொடாமல் சேர்த்துவையுங்கள். பலம் தரும் போஷன் ஐந்து தளத்துக்கு 2 வீதம் உறுதி. ஆகவே ஒரே நிறத்தில் இரண்டு சேர்ந்த தெரியாத போஷன் இருந்தால் பலமாக இருக்க வாய்ப்பு அதிகம். எஞ்சியவற்றில் நச்சுப்புகை, முடக்கும் புகை, திரவத்தீ, உறைபனி என்று நான்கு ஆபத்தானவை. அவற்றைச் சோதித்துக் குடிக்க விரும்பினால், உயிர் நிறைந்திருக்கும்போது, தண்ணீரை ஒட்டி, கதவுக்குப் பக்கத்தில் நின்று குடிக்க வேண்டும். தீப்பிடித்தால் தண்ணீருக்குள் ஓரடி, புகை கிளம்பினால் கதவுக்கு வெளியே ஓடிக் கதவை மூடிக்கொள்வது. தீப்பிடிக்கும்போது பையில் உள்ள ஸ்க்ரோல் எரிந்துபோகவும் கூடும், அப்கிரேடு ஸ்க்ரோல் மட்டும் எரியாது, எனவே தேவைப்படும் மற்ற ஸ்க்ரோல்களைப் பையில் வைத்துக்கொண்டு தெரியாத போஷனைக் குடிக்காதீர்கள்.

புதியவர்கள் கவனிக்கத் தவறும் இன்னொரு வழி உண்டு. சில அறைகளுக்குள் போகத் தடையொன்று இருக்கும். அந்தத் தடையைக் கடக்கும் போஷனை ஆட்டமே அந்தத் தளத்தில் எங்காவது வைத்திருக்கும். மரப்பலகைத் தடுப்பு என்றால் திரவத்தீ. பிரான்ஹா மீன் நிறைந்த குளம் என்றால் கண்ணுக்குத் தெரியாமல் செய்யும் போஷன். அணையாத நெருப்புச் சுவர் என்றால் உறைபனி. பொறிகளோ பள்ளமோ நிறைந்த அறை என்றால் மிதக்கவைக்கும் போஷன். நச்சுப்புகை அறை என்றால் தூய்மைப்படுத்தும் போஷன். காவல்கண் சுடும் அறை என்றால் வேகம் தரும் போஷன். இந்தத் தடைகளில் ஒன்றைக் கண்டுவிட்டு, அதே தளத்தில் ஒரே ஒரு புதிய நிறப் போஷன் கிடைத்திருந்தால், குடித்துப் பார்க்கத் தேவையில்லை, அது என்னவென்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. மரத்தடுப்பைக் கண்டும் காணாததுபோல் கையிலிருந்த ஒரே போஷனைக் குடித்து எரிந்துபோன என் எட்டாவது ஆட்டத்தை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆயுதமும் கவசமும் ஒரு வகையில் இன்னும் ஆபத்து. சாபமிட்ட பொருளை அணிந்துவிட்டால் கழற்ற முடியாது. கல்லறைகளிலும் எலும்புக் குவியல்களிலும் கிடைத்தவற்றைக் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகியுங்கள். சாபம் நீக்கும் ஸ்க்ரோல் கையில் இருந்தால் அந்தச் சந்தேகத்தைப் பொருட்படுத்தாமல் அணிந்து பார்க்கலாம்.

15 அப்கிரேடு

25 தளத்திலும் சேர்த்து உறுதியாகக் கிடைப்பவை 15 அப்கிரேடு. அவற்றை எங்கே வைப்பது என்பதுதான் இந்த ஆட்டத்தில் எல்லோரும் வாதிடும் கேள்வி. ஆயுதத்தில் இரண்டு, கவசத்தில் மூன்று, மோதிரத்தில் ஒன்று என்று பந்திபோல எல்லோருக்கும் பரிமாறியவர்கள் பன்னிரண்டாம் தளத்தில் சாகிறார்கள். ஒரே பொருளில் குவித்தவர்கள் இருபதைத் தாண்டுகிறார்கள்.

எந்தப் பொருளில் என்பதைப் பலக் கணக்கு சொல்லிவிடும். துணிக்கவசத்துக்கு 10 பலம் தேவை, தோலுக்கு 12, சங்கிலிக்கு 14, செதிலுக்கு 16, தகட்டுக்கு 18. ஆயுதங்களும் ஐந்து தரங்களாக இதே வரிசையில்தான் பலம் கேட்கும். பலம் போதாமல் கவசம் அணிந்தால் தவிர்க்கும் திறனும் நடைவேகமும் குறையும், ஆயுதம் தூக்கினால் குறி தவறும், வீச்சும் தாமதமாகும். உங்கள் பலம் ஐந்து தளத்துக்கு 2 கூடுவதால், பத்தாம் தளம் முடியும்போது 14, இருபதாம் தளம் முடியும்போது 18. அப்கிரேடும் தேவைப்படும் பலத்தைக் குறைக்கும்: முதல் அப்கிரேடில் 1, மூன்றாவதில் மேலும் 1, ஆறாவதில் மேலும் 1. அதாவது தகட்டுக்கவசம் ஒன்று எட்டாம் தளத்தில் கிடைத்து, அதில் 6 அப்கிரேடு போட்டால், 15 பலமே போதும். அப்படியானால் பன்னிரண்டாம் தளத்துக்கு அருகிலேயே அதை முழு வசதியோடு அணிந்துவிடலாம்.

புதியவருக்கு என் பரிந்துரை கவசம். அனுபவமுள்ளவர்கள் ஆயுதத்திலோ மந்திரக்கோலிலோ குவித்து, அடி வாங்காமலே ஆடுவார்கள். அது அவர்களுக்குச் சரி. அடி வாங்கும் பருவத்தில் இருப்பவருக்கு அடியைக் குறைப்பதே முதலீடு. நல்ல கவசம் வரும் என்று ஸ்க்ரோலைச் சேமித்துக்கொண்டே போய் ஒன்பதாம் தளத்தில் ஐந்து ஸ்க்ரோலோடு செத்தவர்களும் உண்டு. நான்காம் தளத்துக்குள் சங்கிலிக்கவசமாவது கிடைத்தால் தொடங்கிவிடுங்கள். கிடைக்காவிட்டால் ஆறாம் தளத்தில் கடை இருக்கிறது, பயன்படாத ஆயுதங்களை அங்கே விற்றுப் பணமாக்கலாம்.

பாஸ்கள்

ஐந்தாம் தளத்தில் கூ என்ற கருஞ்சேற்றுப் பிண்டம், 100 உயிர்ப்புள்ளி. அது உப்பத் தொடங்கினால் அடுத்த அடி மிகக் கனமாக விழும். ஆகவே உப்பும்போது இரண்டு மூன்று கட்டம் விலகிவிடுங்கள். தண்ணீரில் நின்றால் அதற்கு உயிர் ஊறும், எனவே வறண்ட தரைக்கு இழுத்து அடிப்பது அவசியம். இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.

பத்தாம் தளத்தில் டெங்கு என்ற முகமூடிக் கொலையாளி. மறைந்து மறைந்து தோன்றி எறிவார். சண்டையின் இரண்டாம் பகுதியில் குண்டு, நெருப்பு, மின்சாரம் என்று தரை முழுதும் அடையாளமிடுவார், அடையாளமிட்ட கட்டத்தில் நிற்காமல் அவரை ஒட்டியே துரத்துவது நல்லது. தோற்கடித்தால் அவர் முகமூடி கிடைக்கும். அதை அணிந்து வாரியர் பெர்சர்க்கராகவோ கிளாடியேட்டராகவோ மாறலாம். புதியவருக்குப் பெர்சர்க்கர்.

பதினைந்தாம் தளத்து டிஎம்-300 ஓர் இயந்திரம், இருபதாம் தளத்தில் குள்ளர் அரசன். அரசன் பாதியில் சிம்மாசனத்தில் நின்றுகொண்டு படையை அனுப்புவான். அந்தப் படையை முடிக்காமல் அவனைத் தொட முடியாது என்பதால், நடைபாதை விதியும் எறியும் போஷன்களும் அங்கே பயன்படும். 25ஆம் தளத்தில் யோக் என்ற பெருங்கண், 1000 உயிர்ப்புள்ளி. தன் முஷ்டிகளை ஒவ்வொன்றாக வரவழைக்கும். முஷ்டியை முடித்துவிட்டுத்தான் கண்ணைத் தொட முடியும். அங்கே போகும்போது குறைந்தது மூன்று குணமாக்கும் போஷன் கையில் இருக்க வேண்டும் என்பது என் அனுபவக் கணக்கு.

நடுவில் உள்ள தளங்களைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. சிறையில் எலும்புக்கூடு சாகும்போது வெடிக்கும், கடைசி அடியை எறிந்து அடியுங்கள். திருடன் பொருளைப் பறித்து ஓடுவான், கதவோரத்தில் நின்றால் பறிக்குமுன்பே முடித்துவிடலாம். குகையில் சிலந்தியைத் தூரத்தில் விட்டுவிடாதீர்கள். குள்ளர் நகரத்தில் மந்திரவாதி உங்கள் பொருள்களின் அப்கிரேடு பலனைத் தற்காலிகமாகக் குறைப்பான். பேய்மண்டபத்தில் தீக்கண்ணின் ஒளிக்கற்றை நேர்க்கோட்டில் பாயும், அது ஒளியைத் திரட்டும் ஒரு முறைக்குள் மூலை திரும்பிவிட வேண்டும்.

எப்படி வரவேற்கப்பட்டது

மூல ஆட்டமான பிக்சல் டஞ்சனுக்கு அதன் காலத்தில் பெரிய வரவேற்பும், கூடவே ஒரு குறையும் இருந்தது. கைபேசிக்குள் உண்மையான ரோக்லைக்கைக் கொண்டுவந்தது என்று புகழ்ந்தவர்களே, வெற்றி பெரும்பாலும் அதிர்ஷ்டத்தால் கிடைப்பதாகச் சொன்னார்கள். பயன்படுத்தப் பயன்படுத்த ஆயுதம் தேயும் விதி பிற்பாடு சேர்க்கப்பட்டபோது அதிருப்தி கூடியது. ஷாட்டர்டு அந்த விதியை ஏற்கவில்லை. பலம், அப்கிரேடு, சாப்பாடு ஆகியவை இத்தனை தளத்துக்கு இத்தனை என்று இதில் உறுதி. தடை அறைக்கான போஷன் அதே தளத்தில் இருக்கும். அதிர்ஷ்டம் இன்னும் உண்டு, ஆனால் அது எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதை ஆடுபவர் கணக்கிட முடிகிறது. ஒரு தசாப்தத்துக்கும் மேலாக ஒரே ஆசிரியர் தொடர்ந்து திருத்தி வருவது இந்த வகையில் அரிது. 2022இல் ஸ்டீம் என்ற இணையக் கடை வழியாகக் கணினிக்கும் விலைக்கு வந்தது, அங்கேயும் மிக நல்ல பெயர்தான்.

குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள். எல்லா அப்கிரேடையும் ஒரே பொருளில் குவிப்பதே வழி என்றால் தேர்வு எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி. இதில் எனக்கும் பாதி உடன்பாடு உண்டு. 2008இல் பெர்லினில் கூடிய ரோக்லைக் உருவாக்குபவர்கள் இந்த வகைக்கு ஓர் இலக்கணம் வகுத்தார்கள். முறைவாரி நகர்வு, கட்டங்களால் ஆன களம், மீளாத சாவு ஆகியவை அதில் உண்டு. அந்த இலக்கணத்தைக் கறாராகப் பார்ப்பவர்கள், 2020இல் வந்து பரிசுகளை வாரிய ஹேடிஸ் போன்றவற்றை ரோக்லைட் என்று தள்ளிவைத்துவிட்டு, ஷாட்டர்டை வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொள்கிறார்கள். ஹேடிஸில் செத்தாலும் அடுத்த முறைக்கு ஏதாவது மிஞ்சும். ஷாட்டர்டில் உங்கள் தலைக்குள் ஏறியது மட்டும்தான் மிஞ்சும்.

ஒருமுறை வென்றவருக்குச் சவால்கள் திறக்கும். சாப்பாடு குறைவது, குணமாக்கும் போஷன் நஞ்சாவது, தளம் இருட்டாவது, பாஸ்கள் கடுமையாவது என்று 9 சவால். ஒன்பதையும் ஒன்றாகப் போட்டு வெல்பவர்களும் உண்டு. அவர்களைப் பார்க்கும்போது, இந்த ஆட்டம் அதிர்ஷ்டம் என்று வாதிட வாய் வருவதில்லை.

தாயத்தை எடுத்தபின்

26ஆம் தளத்தில் தாயத்து இருக்கும். எடுத்ததும் ஆட்டத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அல்லது எடுத்துக்கொண்டு முதல் தளம்வரை நடந்தே மேலேறலாம், ரோக்கின் பழைய வழியும் அதுதான். இறங்கும்போது பலவீனமாக இருந்த எதிரிகள் ஏறும்போது வலுத்து நிற்பார்கள். அவர்களைக் கொல்லாமல் படிக்கட்டுக்குப் படிக்கட்டு ஓடினால் தாயத்தின் சாபம் பெருகி உங்களை மெதுவாக்கி, பிறகு உயிரையே குறைக்கும்.

அக்கா மகன் தடைக்காலம் முடிய நான்கு நாள் இருக்கும்போது யோக்கை வென்றான். முடித்துவிடு என்று நான் சொன்னேன். “இறங்கினவன் ஏறணும்ல, மாமா” என்று சொல்லி ஏறத் தொடங்கினான். வலை, ஐஸ், டீசல் என்று வேலை தொடங்கியதும் கைபேசி அவன் கையில் கொஞ்சமாகவே தங்கியது. ஜூன் 15 விடியற்காலையில் படகு கிளம்பியபோது ஒன்பதாம் தளத்தில் இருந்தான். மூன்றாம் நாள் கரைக்கு வந்து எனக்கு அனுப்பிய முதல் செய்தி, மீன் பாடு எப்படி என்பது பற்றி அல்ல. நான்காம் தளம்வரை ஏறி, அங்கே ஒரு நண்டிடம் செத்திருக்கிறான். ஓடவில்லை, நின்று அடித்தேன் என்று கூடவே எழுதியிருந்தான்.